விண்டேஜ், மேட்சிங் நம்பர்ஸ், பார்ன் ஃபைண்ட்... பழைய கார் பிரியர்கள் பேசுற பாஷை உங்களுக்குப் புரியுதா?

ராத்திரி 11 மணி. தூக்கம் வராம போனைத் தள்ளிக்கிட்டே இருக்கீங்க. திடீர்னு ஒரு விளம்பரம். பால் வெள்ளை கலர், பளபளன்னு குரோம் பம்பர், வட்ட ஹெட்லைட். கீழே இப்படி எழுதியிருக்கு:

"1968 அம்பாசடர் மார்க் 2. விண்டேஜ். ஃப்ரேம்-ஆஃப் ரீஸ்டோர்டு. மேட்சிங் நம்பர்ஸ். என்.ஓ.எஸ் பார்ட்ஸ். கான்கோர்ஸ் கண்டிஷன். சீரியஸ் பையர்ஸ் ஒன்லி."

பயப்படாதீங்க, இது நான் பார்த்த பல விளம்பரங்களைக் கலந்து எழுதின ஒரு மாதிரிதான். ஆனா, வார்த்தைகள் எல்லாம் நிஜத்துல புழங்குறவை. ஒவ்வொரு வார்த்தையும் ஒரு வாக்குறுதி. ஒவ்வொரு வார்த்தைக்கும் விலை ஏறும். வாங்குறவங்கள்ல பாதிப் பேர், "நமக்குத் தெரியலைன்னு காட்டிக்கக் கூடாது"ன்னு தலையை ஆட்டிட்டு அட்வான்ஸ் கொடுத்துடுறாங்க.

இன்னொரு விஷயம். மேலே இருக்கிற விளம்பரத்துல ஒரு வார்த்தை, அம்பாசடர் காருக்குப் பொருந்தவே பொருந்தாது. எந்த வார்த்தைன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா? இல்லைன்னா தொடர்ந்து படிங்க.

நீங்க ஏற்கெனவே பேசுற பாஷைதான்!

முதல்ல ஒரு நல்ல செய்தி. பழைய கார் பாஷை உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும்.

'ஸ்டெப்னி' தெரியும்தானே? கார் வந்த புதுசுல உபரிச் சக்கரம்னு ஒண்ணு கிடையாது. பஞ்சர் ஆனா, நடுரோட்டுல உட்கார்ந்து ஒட்டணும். 1904-ல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்துல டேவிஸ் சகோதரர்கள் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்துல காற்று அடைச்ச டயர். பஞ்சரான சக்கரத்து மேலயே அதைக் கவ்வ வச்சு ஓட்டிட்டுப் போயிடலாம். அவங்க கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி ஸ்ட்ரீட். அந்தத் தெருப் பெயர்தான் இன்னைக்கு நம்ம ஊர் பஞ்சர் கடை வரைக்கும் வந்து நிக்குது. பிரிட்டனில் அந்தப் பெயரை அநேகமா மறந்தே போயிட்டாங்க.

'டிக்கி'? பழைய ரெண்டு சீட்டு கார்களில் பின்பக்க மூடியைத் திறந்தா, வெட்டவெளியில் உட்கார ஒரு சீட் விரியும். அதுக்குப் பேர் 'டிக்கி சீட்'. குதிரை வண்டிக் காலத்துல வேலைக்காரர்கள் உட்கார்ந்த பின் இருக்கையின் பெயர் அது. சீட் போயிடுச்சு, சாமான் வைக்கிற இடமா மாறிடுச்சு, பேர் மட்டும் நம்மகிட்ட தங்கிடுச்சு.

'செல்ஃப் எடுக்கல'ன்னு சொல்றோமே, அது? ஒரு காலத்துல காரின் முன்னாடி இரும்புக் கம்பியைச் சொருகி, கையால சுத்தினாதான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். கம்பி திருப்பி அடிச்சு கை முறிஞ்சவங்க உண்டு. 1912 மாடல் காடிலாக் காரில்தான் மின்சார 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. 'தானாவே ஸ்டார்ட் ஆகும்'கிறது அப்ப அவ்ளோ பெரிய விஷயம்!

ஆக, பழைய கார் வார்த்தைகள் ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு உண்மையான பொருளோ வேலையோ இருக்கு. இனி பார்க்கப்போற வார்த்தைகளுக்குப் பின்னாடி பணமும் இருக்கு. அதனால கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

விண்டேஜா, கிளாசிக்கா? வயசுச் சண்டை

பழைய கார் எல்லாமே விண்டேஜ்னு நினைச்சா, ஒரு ராலிக்குப் போய் அப்படிச் சொல்லிப் பாருங்க. நாலு பேர் திருத்துவாங்க.

'விண்டேஜ்' என்பது திராட்சை மதுவிலிருந்து வந்த வார்த்தை. எந்த வருஷ அறுவடைங்கிறதைக் குறிக்கும். 1934-ல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப்தான் இதை கார்களுக்கு நிலைநிறுத்தியது. அவங்க கணக்குப்படி கோடு கறாரானது.

1904 முடிய வந்தவை 'வெட்ரன்'. ஒவ்வொரு நவம்பரிலும் லண்டனில் இருந்து பிரைட்டனுக்குப் போற புகழ்பெற்ற ஓட்டத்துல இந்த வயசு கார்களுக்குத்தான் இடம். 1905 முதல் 1918 வரை வந்தவை 'எட்வர்டியன்'. 1919 முதல் 1930 வரை வந்தவைதான் 'விண்டேஜ்'. அதுக்குப் பிறகு இரண்டாம் உலகப் போர் வரை வந்தவை 'போஸ்ட் விண்டேஜ்'.

அமெரிக்காவில் இன்னொரு கணக்கு. அங்கே 25 வயசு ஆனாலே 'ஆன்ட்டிக்' அந்தஸ்து கொடுக்கிற பெரிய கிளப் உண்டு. 'ஃபிவா'ன்னு ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு இருக்கு. 30 வயசு ஆகியிருக்கணும், வரலாற்றுப்படி சரியான நிலையில் இருக்கணும், தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அப்பதான் அது 'ஹிஸ்டாரிக் வெஹிக்கிள்'.

நம்ம நாட்டு ராலிகளில் பொதுவா, இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடி வந்ததை விண்டேஜ்னும், பிறகு வந்ததை கிளாசிக்னும் பிரிக்கிறது வழக்கம். டெல்லியில 1964-ல் ஆரம்பிச்ச ஸ்டேட்ஸ்மேன் ராலியின் பெயரிலேயே 'விண்டேஜ் அண்ட் கிளாசிக்'னு ரெண்டு வார்த்தையும் தனித்தனியா இருக்கு, கவனிச்சிருக்கீங்களா?

அப்போ நம்ம 1968 அம்பாசடர்? ஆர்வலர்கள் கணக்குல அது கிளாசிக். ஆனா, ஒரு இடத்துல மட்டும் அது சத்தியமா விண்டேஜ். எங்கே? சட்டத்துல!

அரசாங்கம் சொல்ற விண்டேஜ் வேற

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்குன்னு தனி விதி கொண்டுவந்தது. அதன்படி, முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டின, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்'. ஒரு முக்கியமான நிபந்தனை: வண்டி அசல் வடிவத்திலேயே இருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது.

புதுசா இந்த வகையில் பதிவு செய்ய 20,000 ரூபாய். 10 வருஷத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புது நம்பர் வாங்குறவங்களுக்கு மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ'ன்னு வரும். ஏற்கெனவே பதிவான வண்டி, பழைய நம்பரையே வச்சுக்கலாம். 'எம்'ல ஆரம்பிக்கிற பழைய மூணெழுத்து மெட்ராஸ் நம்பரை உயிரா நினைக்கிறவங்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனா, இதுல ஒரு கொக்கி இருக்கு. விண்டேஜா பதிவு பண்ணிட்டா, அந்த வண்டியை தினமும் ஆபீஸுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுறது, பராமரிப்பு... இதுக்கெல்லாம் மட்டும்தான் ரோட்டுல இறக்கலாம். "வார இறுதியில இ.சி.ஆர்-ல ஒரு ரவுண்டு போவேன்"ங்கிற கனவோட வாங்குறவங்க, அந்த கார் எந்த வகைப் பதிவில் இருக்குன்னு முதல்லயே ஆர்.சி-யைப் பார்த்துக் கேட்டுடுங்க. சாதாரணத் தனியார் கார் பதிவுன்னா 15 வருஷத்துக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கணும். அது கடைசியா எப்போ புதுப்பிக்கப்பட்டதுங்கிறதையும் பாருங்க.

சர்வைவர், பட்டினா, பார்ன் ஃபைண்ட்

அடுத்தது, கேட்கிறவங்களுக்கு அதிகம் குழப்பம் தர்ற மூணு வார்த்தைகள்.

'சர்வைவர்'னா, தொழிற்சாலையில் இருந்து வந்த பெயின்ட், சீட் துணி, இன்ஜின் எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கிற கார். ரீஸ்டோர் பண்ணாதது. 'பட்டினா' என்பது அந்தக் கார் மேல காலம் போட்ட கையெழுத்து. மங்கின பெயின்ட், கை பட்டுப் பட்டு வழவழப்பான ஸ்டீயரிங், லேசா வெடிச்ச சீட் லெதர். பாட்டி வீட்டு பித்தளை அண்டாவுக்கு ஒரு நிறம் வருமே, அந்த மாதிரி. துரு தின்னு ஓட்டையானதை பட்டினான்னு சொல்லி விற்கிறவங்களும் இருக்காங்க. மேற்பரப்பு பழசானா பட்டினா. விரலால அழுத்தினா உள்ளே போகுதுன்னா அது வெறும் துரு.

'பார்ன் ஃபைண்ட்' என்பது பல வருஷமா தானியக் கொட்டகையிலோ ஷெட்டிலோ மறந்து கிடந்து, திடீர்னு கண்டுபிடிக்கப்பட்ட கார். நம்ம ஊர்ல அது மூடிப்போன ரைஸ் மில் குடோனாவோ, தார்ப்பாய் போட்ட போர்ட்டிகோவாவோ இருக்கும்.

இதுக்கு ஏன் இவ்வளவு மவுசு? பிரான்ஸ்ல நடந்த ஒரு கதையைக் கேளுங்க. ரோஜர் பெய்யோன்கிற லாரி கம்பெனி முதலாளி, ஒரு மியூசியம் வைக்கிற கனவோட கார்களா வாங்கிச் சேர்த்தார். தொழில் நொடிச்சுப்போச்சு. மிச்சமிருந்த சுமார் 60 கார்கள் பண்ணைக் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் தூசியில் கிடந்தன. 2014-ல் அவை வெளிச்சத்துக்கு வந்தன. அதுல ஒண்ணு, பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஒரு ஃபெராரி 250 ஜி.டி கலிஃபோர்னியா ஸ்பைடர். நடிகர் அலான் டெலோன் வச்சிருந்த கார். 2015 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் அது 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல போச்சு. நம்ம பணத்துல 100 கோடி ரூபாய்க்கும் மேல. அதைப் பளபளன்னு பாலிஷ் போட்டு ஏலத்துக்குக் கொண்டு வரலை. கிடைச்ச நிலையிலேயேதான் விற்றாங்க.

காரணம் எளிமையானது. பெயின்டை எத்தனை முறை வேணும்னாலும் அடிக்கலாம். ஆனா, தொழிற்சாலையில் அடிச்ச முதல் பெயின்ட் ஒரே ஒரு முறைதான். உரசிட்டா, எவ்வளவு செலவு பண்ணினாலும் அது திரும்பி வராது. அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க, பழைய கார் கிடைச்சா உடனே பெயின்ட் கடைக்கு ஓட மாட்டாங்க. முதல்ல போட்டோ எடுப்பாங்க.

ரீஸ்டோர்டு: ஒரு வார்த்தை, பத்து அர்த்தம்

ஏமாற்றம் அதிகம் நடக்கிற இடம் இதுதான். ஒருத்தருக்கு 'ரீஸ்டோரேஷன்'னா, காரைக் கடைசி போல்ட் வரைக்கும் பிரிச்சு, துருப்பிடிச்ச தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு பற்றவச்சு, இன்ஜினை முழுசா இறக்கி வேலை பார்த்து, தொழிற்சாலைக் குறிப்பில் இருக்கிற மாதிரியே திரும்பப் பூட்டுறது. வருஷக்கணக்காகும். இன்னொருத்தருக்கு 'ரீஸ்டோரேஷன்'னா, ரெண்டு வாரம் டிங்கரிங், மேல பட்டி, அதுக்கு மேல பெயின்ட், புது சீட் கவர். ரெண்டு பேரும் விளம்பரத்துல ஒரே வார்த்தையைத்தான் எழுதுவாங்க.

இப்போ அந்தப் புதிருக்கு விடை. 'ஃப்ரேம்-ஆஃப்' அல்லது 'பாடி-ஆஃப்' ரீஸ்டோரேஷன்னா, காரின் பாடியை அடிச்சட்டத்தில் இருந்து தூக்கித் தனியா வச்சு வேலை பார்க்கிறது. அதுக்கு பாடியும் அடிச்சட்டமும் தனித்தனியா இருக்கணும்ல? பழைய ஜீப்ல அப்படி இருக்கும். வண்டலூர் தொழிற்சாலையில் இருந்து 1961 முதல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் அப்படித்தான்.

அம்பாசடரில் அப்படி இல்லை. அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 காரை அடிப்படையா வச்சு மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. பாடியும் சட்டமும் ஒண்ணாவே சேர்ந்த 'மோனோகாக்' கட்டுமானம். பத்மினின்னு நாம கொஞ்சுற ஃபியட் 1100-ம் அதே வகைதான். எடுக்கிறதுக்குத் தனிச் சட்டமே இல்லாத காருக்கு 'ஃப்ரேம்-ஆஃப் ரீஸ்டோரேஷன்'! விளம்பரத்துல பொருந்தாத வார்த்தை இதுதான். இந்த மாதிரி காரை முழுசா ரீஸ்டோர் பண்றவங்க, பாடியை ஒரு சுழலும் சட்டத்தில் மாட்டி, தலைகீழாத் திருப்பி அடிப்பக்க வேலை பார்ப்பாங்க. அதுக்குப் பேர் 'ரோட்டிசெரி' ரீஸ்டோரேஷன். ஆமாங்க, கோழியைக் கம்பியில் குத்திச் சுத்திச் சுடுவாங்களே, அதே வார்த்தைதான்.

பட்டி இருக்கான்னு பார்க்க ஒரு சின்ன வித்தை. வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற காந்தத்தை மெல்லிய துணியில் சுத்தி எடுத்துட்டுப் போங்க. கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, காலடித் தகடு பக்கமெல்லாம் வச்சுப் பாருங்க. எந்த இடத்துல காந்தம் பிடிக்காம வழுக்குதோ, அங்கே தகட்டுக்கு மேல பட்டி கனமா இருக்குன்னு அர்த்தம். கூடவே விற்கிறவர்கிட்ட, "வேலை நடந்தப்போ எடுத்த போட்டோ இருக்கா?"ன்னு கேளுங்க. நிஜமாவே பிரிச்சுப் பூட்டினவர் போன்ல நூறு போட்டோவாவது இருக்கும். காட்டுறதுக்கு ஆளைத் தேடிட்டு இருப்பார்!

மேட்சிங் நம்பர்ஸ்: நம்பர் பொய் சொல்லுமா?

ஒரு காருக்கு சேஸிஸ் நம்பர் ஒண்ணு, இன்ஜின் நம்பர் ஒண்ணு இருக்கும். அந்த சேஸிஸில் தொழிற்சாலையில் எந்த இன்ஜினைப் பொருத்தினாங்களோ, அதே இன்ஜின் இன்னைக்கும் இருந்தா, அது 'மேட்சிங் நம்பர்ஸ்' கார். அமெரிக்காவில் கொர்வெட் மாதிரியான கார்களைச் சேகரிக்கிறவங்க மத்தியில் பிரபலமாகி, இப்போ உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

நம்ம நாட்டுல இதுக்கு ஒரு தனிக் கதை இருக்கு. பெட்ரோல் விலைக்குப் பயந்து, நிறைய பேர் அம்பாசடரின் பெட்ரோல் இன்ஜினைக் கழட்டிட்டு டீசல் இன்ஜின் மாட்டினாங்க. பிழைப்புக்கு ஓடின வண்டி. அதுல தப்பே இல்லை. ஆனா, அந்த கார் இனிமே மேட்சிங் நம்பர்ஸ் இல்லை. இன்ஜின் மாத்தினதை ஆர்.டி.ஓ-வில் அனுமதி வாங்கி ஆர்.சி-யில் ஏத்தலைன்னா, சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும். மேலே பார்த்த விண்டேஜ் விதியிலும் இன்ஜின் மாற்றம் பெரிய தடை.

இங்கே ஒரு நுணுக்கம் கவனிங்க. ஆர்.சி-யில் இருக்கிற நம்பரும் வண்டியில் இருக்கிற நம்பரும் ஒண்ணா இருந்தா, அது 'பேப்பர் சரியா இருக்கு'ன்னுதான் அர்த்தம். 1985-ல் மாத்தின இன்ஜினை முறைப்படி ஆர்.சி-யில் ஏத்தியிருந்தாலும் ரெண்டும் ஒத்துப்போகும். மேட்சிங் நம்பர்ஸ்னு சொல்ல, அது முதல்ல வந்த இன்ஜின்தான்கிறதுக்கு ஆதாரம் வேணும். முதல் ஆர்.சி புத்தகம், வாங்கின பில் மாதிரி. நம்பர் பொறிச்ச இடத்துல உரசின தடம், எழுத்துகள் கோணல் மாணலா இருந்தா, அந்த இடத்தை விட்டு நகர்ந்துடுங்க. கார் எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

என்.ஓ.எஸ், ரீப்ரோ, டோனர்

'என்.ஓ.எஸ்'னு பார்த்ததும் சினிமா ரேஸ்ல பட்டனை அழுத்தினா கார் பறக்குமே, அந்த நைட்ரஸ் ஞாபகம் வருதா? அது வேற. இங்கே என்.ஓ.எஸ்னா 'நியூ ஓல்டு ஸ்டாக்'. அந்தக் காலத்திலேயே தயாரிச்சு, விற்காம, டப்பா பிரிக்காம ஏதோ ஒரு ஸ்பேர்ஸ் கடைப் பரண்ல கிடந்த பார்ட். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்னுடுச்சு. பத்மினி அதுக்கும் முன்னாடியே போயிடுச்சு. ஆக, டப்பாவோட இருக்கிற ஒரு பழைய டெயில் லேம்ப் கண்ணாடி, ஆர்வலர்களுக்குத் தங்கம்.

'ரீப்ரோ'ன்னா பழசைப் பார்த்துப் புதுசா செஞ்சது. தரமானதும் இருக்கு, ஒரு மழைக்கே குரோம் உரிஞ்சு வர்றதும் இருக்கு. 'டோனர்'னா பார்ட்ஸுக்காக மட்டும் வாங்கிப் பிரிக்கிற இன்னொரு கார். சென்னை புதுப்பேட்டையில ஒரு மதியம் சுத்தினா, டோனர்னா என்னன்னு யாரும் விளக்கவே வேண்டாம்.

ரப்பர் சாமான்களில் மட்டும் என்.ஓ.எஸ் ஆசை வேண்டாம். 40 வருஷம் டப்பாவில் இருந்த பிரேக் ஹோஸ், டயர் எல்லாம் பார்க்கப் புதுசா இருக்கும், ஆனா உள்ளே இறுகிப் போயிருக்கும். பிரேக்கும் டயரும் இன்னைக்குத் தயாரான புதுசுதான் போடணும். எந்த நல்ல மெக்கானிக்கும் இதையேதான் சொல்வார்.

கான்கோர்ஸ் முதல் 'நிறுத்தும்போது ஓடுச்சு' வரை

'கான்கோர்ஸ்' என்பது 'கான்கோர்ஸ் டெலகான்ஸ்'கிற பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம். நேர்த்திக்கான போட்டின்னு அர்த்தம். அமெரிக்காவின் பெபிள் பீச்சில் 1950-ல் இருந்து நடக்கிற போட்டி ரொம்பப் பிரபலம். நடுவர்கள் குனிஞ்சு வயர் கலர், ஸ்க்ரூ வகை வரைக்கும் பார்ப்பாங்க. அதனால, 'கான்கோர்ஸ் கண்டிஷன்'னு ஒருத்தர் சொன்னா, "எந்தப் போட்டியில் காட்டினீங்க, என்ன மதிப்பெண்?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. பதில் இல்லைன்னா, 'நல்லா துடைச்ச கார்'னு எடுத்துக்கலாம்.

இன்னும் சில வார்த்தைகள்:

'டிரெய்லர் குயின்': ஓட்டவே ஓட்டாம, லாரியில் ஏத்திக் கொண்டுவந்து காட்டிட்டு, லாரியிலேயே திரும்பிப் போற கார். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை, ரெண்டுக்கும் நடுவுல.

'டெய்லி டிரைவர்': தினமும் ஓடுற பழைய கார். பார்க்க சுமாரா இருக்கும், ஆனா நம்பிப் போகலாம்.

'ரெஸ்டோமாட்': வெளியே பழைய உருவம், உள்ளே புது இன்ஜின், ஏ.சி, பவர் ஸ்டீயரிங். ஓட்ட சுகம். ஆனா, அசல் தன்மை போயிடும், சட்டப்படி விண்டேஜ் தகுதியும் கேள்விக்குறி.

'ப்ராஜெக்ட் கார்': வேலை பாக்கி இருக்கிற கார். எவ்வளவு பாக்கிங்கிறதுதான் சஸ்பென்ஸ்.

'பாஸ்கெட் கேஸ்': முழுசா பிரிச்சு, கூடை கூடையா பார்ட்ஸாக் கிடக்கிற கார். பிரிச்சவருக்கே திரும்பப் பூட்டத் தெரியாததால விற்கிறார்.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு: 'ரேன் வென் பார்க்டு'. நிறுத்தும்போது ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு! எப்போ நிறுத்தினாங்க? 1998-ல். இதோட தமிழ் வடிவம் உங்களுக்கே தெரியும்: "ஒண்ணுமில்லை தம்பி, பேட்டரி மட்டும் போட்டா ஓடிடும்."

ப்ராவனன்ஸ்: எங்க வீட்டு மஞ்சப்பை

கடைசி வார்த்தை, 'ப்ராவனன்ஸ்'. ஒரு கார் யார் யார்கிட்ட இருந்தது, எங்கே ஓடினது, என்ன வேலை நடந்ததுன்னு ஆதாரத்தோட இருக்கிற பூர்வீகம். பெய்யோனின் ஃபெராரிக்கு ஒரு நடிகர் கிடைச்சார். நம்ம வீட்டு கார்களுக்கு நடிகர் வேண்டாம், பில் போதும்.

இதை எனக்குப் புரியவச்சது எங்க தாத்தாவோட ஃபியட். அவர்தான் முதல் ஓனர். கடைசி வரைக்கும் அவர் மட்டும்தான் ஓனர். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துலயே கியர் லீவர், முன்னாடி நீளமான ஒரே சீட். நான் நடுவுல உட்கார்ந்துதான் ஊருக்குப் போவேன். அவர் இறந்த பிறகு அது வீட்டுக்குப் பக்கத்துல மூணு வருஷம் மழையில நின்னுச்சு. "இடத்தை அடைக்குது"ன்னு ஒரு நாள் காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டோம். அவர் மேல தப்பில்லை. நாங்க சொன்ன விலைக்குத்தான் எடுத்துட்டுப் போனார்.

அந்த காரோட டாஷ்போர்டுல ஒரு மஞ்சப்பை இருந்தது. வாங்கின அன்னைக்குக் கொடுத்த ரசீது, முதல் ஆர்.சி புத்தகம், ஒவ்வொரு சர்வீஸ் பில், பெட்ரோல் கணக்கு எழுதின டைரி. தாத்தா எதையும் தூக்கிப்போட மாட்டார். அந்தப் பையும் வண்டியோடவே போயிடுச்சு. யாரும் திறந்துகூடப் பார்க்கலை.

இந்தக் கட்டுரைக்காக வார்த்தைகளைத் தொகுத்துட்டு இருந்தப்போதான் உறைச்சது. ஒரே ஓனர். மாத்தாத இன்ஜின். தொழிற்சாலைப் பெயின்ட். முழு ஆவணம். இந்த உலகத்துல ஆர்வலர்கள் தேடி அலையுற நாலு வார்த்தையும் எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்திருக்கு. எங்களுக்கு அப்போ தெரிஞ்சது ஒரே வார்த்தைதான்: 'பழைய இரும்பு'.

இப்போ அந்த விளம்பரத்தைத் திரும்பப் படிங்க

'விண்டேஜ்': "ஆர்.சி-யில் விண்டேஜா பதிவாகியிருக்கா, சாதாரணப் பதிவா? எப்போ வரைக்கும் செல்லும்?"

'ஃப்ரேம்-ஆஃப்': "அம்பாசடர்ல எந்த ஃப்ரேமைச் சொல்றீங்க? வேலை நடந்த போட்டோ காட்டுங்க."

'மேட்சிங் நம்பர்ஸ்': "முதல் ஆர்.சி இருக்கா? நம்பர் பொறிச்ச இடத்தை நேர்ல பார்க்கலாமா?"

'என்.ஓ.எஸ்': "எந்தெந்தப் பார்ட்? டப்பா, பில் இருக்கா?"

'கான்கோர்ஸ்': "எங்கே காட்டினீங்க?"

அஞ்சு கேள்விதான். நேர்மையா விற்கிறவர் இதைக் கேட்டா சந்தோஷப்படுவார், டீ வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் பேசுவார். மத்தவங்க, "நீங்க சீரியஸ் பையர் இல்லை"ன்னு போனை வச்சுடுவாங்க. ரெண்டு வகையிலும் உங்களுக்கு லாபம்தான்.

கார் வாங்குற எண்ணமே இல்லையா? பரவாயில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சித்தப்பா வீட்டுக் கொல்லையில தார்ப்பாய்க்கு அடியில ஏதாவது நிக்குதான்னு எட்டிப் பாருங்க. நின்னா, பெயின்டைத் தொடாதீங்க. முதல்ல டாஷ்போர்டைத் திறந்து, உள்ளே ஏதாவது பை இருக்கான்னு பாருங்க.